நெபுலைசர் கப்பில் தங்கும் ஈரம்: வீட்டில் ஆவி பிடிப்பவர்கள் விடும் தவறுகள்

“மெசின் ஓடுது, புகை மட்டும் வருதில்ல.” மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நெபுலைசர், அதாவது திரவ மருந்தைப் புகைபோல நுண்துகளாக்கி மூச்சோடு இழுக்கத் தரும் மெசின், வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. மெசின் பழுதாகிவிட்டது என்று உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அநேகமாக மெசினில் ஒரு குறையும் இருக்காது. கோளாறு, மருந்து ஊற்றும் அந்தச் சின்னக் கப்பில்தான்.

கப்பைக் கழற்றிப் பாருங்கள். அடியிலிருந்து கூம்பு போல ஒரு குழாய் எழும்பி நிற்கும். அதன் நுனியில் குண்டூசி முனையளவு ஒரு துளை. அதன்மேல் தொப்பி போலக் கவிழும் இன்னொரு சிறு துண்டு. மெசினிலிருந்து வரும் காற்று அந்தத் துளையால் சீறும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கூம்புக்கும் தொப்பிக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளியால் மருந்து மேலே இழுபட்டு, காற்றில் அடிபட்டுத் துகளாகிறது. பெரிய துளிகள் எதிரேயுள்ள சிறு தட்டில் மோதித் திரும்பக் கப்புக்குள்ளேயே விழும். 1 முதல் 5 மைக்ரோன் வரையான துகள்கள்தான் சுவாசப்பைக்குள் இறங்கும்.

கழுவும்போது அந்தத் தொப்பி தண்ணீரோடு ஓடிப் போனால், அல்லது போட மறந்தால், புகை வரவே வராது. சரிந்து மாட்டினால் விட்டு விட்டு வரும். எனவே பூட்டும்போது தொப்பி கூம்பின்மேல் முழுதாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

முன்பு 10 நிமிடத்தில் முடிந்த மருந்து இப்போது 20 நிமிடமாகியும் முடியவில்லையா? துளையில் உப்பும் மருந்தும் படிந்து அடைத்திருக்கலாம். பலர் இங்கேதான் பெரிய பிழை விடுகிறார்கள்: ஊசியை எடுத்துக் குத்துவார்கள். பிளாஸ்ரிக் துளை கொஞ்சம் அகன்றாலும் போதும், துகள் பெரிதாகி மருந்து தொண்டையோடு நின்றுவிடும். சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அலசி, வயரை (மெசினிலிருந்து கப்புக்குக் காற்றைக் கொண்டுவரும் நீண்ட பிளாஸ்ரிக் குழாயை) மாட்டி வெறும் காற்றை அடித்துப் பாருங்கள். அப்போதும் திறக்காவிட்டால் புதுக் கப் வாங்குவதே வழி.

கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர்

காத்தான்குடி, கல்லடி, கல்முனை என்று கரையோரம் முழுவதும் மணல் நிலம். கிணறுகள் ஆழமில்லை. நெருக்கமாக வீடுகள் உள்ள இடத்தில் மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே சில அடிதான் இருக்கும். அந்தத் தண்ணீரில் கப்பைக் கழுவி அப்படியே மருந்தூற்றினால், கிருமியை நுண்துகளாக்கி நேரே சுவாசப்பைக்கு அனுப்புகிறோம். குடித்தால் வயிற்றிலுள்ள அமிலம் ஓரளவு தடுக்கும். மூச்சோடு போவதற்கு அந்தக் காவல் இல்லை. குழாயில் வருவது குளோரின் போட்ட தண்ணீர்தானே என்பார்கள். குடிக்க அது நல்லது. ஆனால் முற்றிலும் கிருமியற்ற நீர் அல்ல. வாளியில் பழுப்புக் கறை பிடிக்கும் தண்ணீராக இருந்தால், அந்தக் கறை துளையிலும் பிடிக்கும்.

கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீரைப் பாவிக்கலாம். கடைசியாகக் கப்பில் படும் தண்ணீர் மட்டும் கொதித்தாறினதாக இருக்கவேண்டும். இந்த ஒரு பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். மற்றப் பிழைகள் பாதியாகும்.

ஒவ்வொரு முறையும் மருந்து முடிந்ததும் கப்பின் அடியில் 1 மில்லிலீற்றர் அளவு மிஞ்சும். அதை ஊற்றிவிடுங்கள், அடுத்த முறைக்கு வைத்து அதன்மேல் புதுமருந்து விடக்கூடாது. கப், தொப்பி, வாய்த்துண்டு மூன்றையும் கொதித்தாறின நீரில் அலசி, உதறி வையுங்கள். நாளுக்கு ஒருமுறை, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுவிட்ட இளஞ்சூட்டு நீரில் கழுவவேண்டும். மாஸ்கையும் அப்படியே கழுவுங்கள்.

துடைப்பதுதான் அடுத்த தவறு. குளியல் துவாயாலோ சேலைத் தலைப்பாலோ துடைத்தால், கழுவிய கப்பில் நூலும் கிருமியும் திரும்பவும் ஏறும். சுத்தமான வெள்ளைத் துணியையோ கடுதாசித் துவாயையோ விரித்து, பாகங்களைத் தனித்தனியே கவிழ்த்து, மேலே மெல்லிய துணி போட்டுக் காயவிடுங்கள். ஈரத்தோடு பூட்டி, சிப் பையில் போட்டு அலுமாரிக்குள் வைப்பது மாரி காலத்தில் பூஞ்சணத்தை வளர்ப்பதற்குச் சமம். கார்த்திகை, மார்கழி மழையில் வீட்டுக்குள் துணியே மூன்று நாள் காயாது. மூடிய கப் எப்படிக் காயும்? அந்த மாதங்களில் இரண்டு கப் வைத்து மாறி மாறிப் பாவிப்பது நல்லது.

நீண்ட வயரைக் கழுவவே வேண்டாம். அதற்குள் போன தண்ணீர் லேசில் வெளியே வராது. மருந்து முடிந்ததும் கப்பைக் கழற்றிவிட்டு, வயரை மட்டும் மாட்டி இரண்டு மூன்று நிமிடம் மெசினை ஓடவிடுங்கள். உள்ளே பனித்த ஈரம் போய்விடும். வயரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது உள்ளே கரும்புள்ளி தெரிந்தால் எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள்.

கிருமி நீக்கம்

ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது தேவை. கொதிக்க வைக்கலாம் என்று கையேட்டில் இருந்தால், கொதிக்கும் நீரில் 5 நிமிடம் போதும். சட்டியின் அடியில் மடித்த துணி ஒன்றைப் போடுங்கள். இல்லாவிட்டால் அடிச்சூட்டில் பிளாஸ்ரிக் வளையும். கறி சமைக்கும் சட்டி வேண்டாம். மெல்லிய மாஸ்க்கையும் வயரையும் கொதிக்க வைத்தால் உருக்குலைந்துவிடும். கொதிக்க வைக்கக்கூடாத கப் என்றால், 70 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோலில் 5 நிமிடம் ஊறவைத்து, கொதித்தாறின நீரில் நன்றாக அலசிக் காயவிடுங்கள். அடுப்புக்குக் கிட்ட அந்த வேலை ஆகாது.

காயத்துக்குப் பாவிக்கும் கிருமிநாசினித் திரவங்களில் ஊறப்போடுவதைத் தவிர்க்கவேண்டும். அந்த மணம் போகும்வரை கழுவவில்லை என்றால், அதுவும் மருந்தோடு சேர்ந்து உள்ளே போய், ஏற்கெனவே இறுகியிருக்கும் மூச்சுக்குழாயை உறுத்தும். வினாகிரி மணத்தைப் போக்கும்; எல்லாக் கிருமியையும் கொல்லாது.

மெஷ் வகை, அதாவது கையடக்கமான சத்தமில்லாத மெசின் வைத்திருப்பவர்கள் மருந்தைத் துகளாக்கும் நுண்துளை உலோகத் தகட்டைத் தொடவே கூடாது. விரலோ, பஞ்சோ, பிரஷ்ஷோ பட்டால் துளைகள் கெடும். கையேட்டில் சொன்னபடி மட்டும் கழுவுங்கள்.

கப்புக்குள் எதை ஊற்றுவது

தடிமன் என்றால் கற்பூரத் தைலம், நீலகிரித் தைலம் என்று இரண்டு சொட்டு விடும் வழக்கம் சட்டி ஆவிக்கு வந்தது. நெபுலைசருக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது. எண்ணெய்த் துகள் சுவாசப்பைக்குள் தங்கி நியூமோனியா போன்ற அழற்சியை உண்டாக்கும். கொத்தமல்லி அவித்த நீர், பச்சைத்தண்ணீர் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரின் துகள் இழுப்பு உள்ளவரின் மூச்சுக்குழாயை இன்னும் சுருங்கச் செய்யும். மருந்தோடு கலப்பது 0.9 வீத சேலைன் மட்டுமே.

அந்தச் சேலைனிலும் ஒரு சிக்கல் உண்டு. 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை வாங்கி, மூடியில் ஊசி குத்தி, வாரக்கணக்கில் எடுத்துப் பாவிக்கிறார்கள். அதில் கிருமி வளர்வதைத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லை. சிறு பிளாஸ்ரிக் குப்பிகளாக வாங்கி, உடைத்ததில் மிஞ்சியதை வீசிவிடுங்கள். மருந்துப் போத்தலில் திறந்த திகதியை எழுதி ஒட்டுங்கள். ஊசி கழற்றிய 1 மில்லிலீற்றர் சிறிஞ்சால் அளந்தெடுங்கள், கண்மதிப்பு ஆகாது. எவ்வளவு என்பதை டொக்டர் எழுதித் தந்திருப்பார். கலவை மொத்தம் 3 அல்லது 4 மில்லிலீற்றருக்குக் குறைந்தால், அடியில் தங்கும் பங்கு பெரிதாகி மருந்து வீணாகும்.

பிடிக்கும் முறை

பிள்ளை அழும்போது மாஸ்கை முகத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்தால் புகை முகத்தில் படும், மருந்தின் பெரும்பகுதி காற்றோடு போகும். மடியில் நிமிர்த்தி இருத்தி, மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடி ஒட்டியபடி பிடியுங்கள். படுக்க வைத்துக் கப்பைச் சரித்தால் மருந்து கூம்பின் அடியை விட்டு விலகிப் புகை நின்றுவிடும். ஸ்ரீரொயிட் மருந்து பிடித்தபின் முகத்தைக் கழுவி, வாயைக் கொப்பளிக்கச் செய்யவேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

மெசினின் பக்கம்

பெரும்போக வெட்டுக் காலத்தில் வயலோர வீடுகளிலும், சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலைகளுக்குக் கிட்டவும் உமித்தூசி எங்கும் பறக்கும். மெசின் இழுப்பதும் அந்தக் காற்றைத்தான். சிறு மூடிக்குள் இருக்கும் வெள்ளை வடிகட்டியை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். சாம்பல் நிறமானால் மாற்றுங்கள். பெரும்பாலான வடிகட்டிகள் கழுவிப் பாவிக்கும் வகையல்ல. அது கிடைக்கவில்லை என்று சாதாரணப் பஞ்சை அடைப்பவர்கள் மோட்டரை மூச்சுத்திணற வைக்கிறார்கள்.

மெத்தைமேல் வைத்தால் அடியிலுள்ள காற்றுத்துளைகள் அடைபட்டுச் சூடேறும். மேசையில் வையுங்கள். நுளம்புத்திரி எரியும் அறையில் பிடிக்க வேண்டாம். தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பது மெசினின் அடியில் ஒட்டிய லேபிளில் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த மெசின் என்றால் பிளக்கில் குத்துமுன் அந்த லேபிளைப் பாருங்கள். நமது கரண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கனடாவிலிருந்து வந்த 120 வோல்ற் மெசினைப் பிளக் மாற்றிக் குத்தினால் எரிந்துவிடும். சவூதியில் 60 ஹேர்ட்ஸ். அங்கே மட்டும் பாவிக்கவென்று செய்த மெசின் இங்கே மெதுவாக ஓடும், அதிகம் சூடாகும், புகையும் நலியும். 50/60 என்று போட்டிருந்தால் பிரச்சினை இல்லை.

எவ்வளவு கவனமாகக் கழுவினாலும் கப்புக்கு ஆயுள் உண்டு. ஒருதரம் பாவிக்கவென்று விற்கும் மலிவான கப்பை மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். திரும்பப் பாவிக்கும் வகையைக்கூட, கையேட்டில் வேறு சொல்லாவிட்டால், 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெடிப்பு, மங்கல், மூடி இறுகாமை, எதைக் கண்டாலும் காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு வேலையா என்று அலுப்பாக இருந்தால் கிளினிக்கில் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்ஹேலரும், அதை மாட்டி மருந்தை இழுக்கும் பிளாஸ்ரிக் குடுவையான ஸ்பேசரும் போதுமா என்று. முறையாகப் பாவித்தால் பலருக்கு அது நெபுலைசருக்குச் சமமாக வேலை செய்கிறது, கழுவும் வேலையும் குறைவு.

புகை நன்றாக வந்தும் மூச்சுத்திணறல் குறையவில்லை, 4 மணி நேரத்துக்குள் திரும்பவும் பிடிக்கவேண்டி வருகிறது, பேச முடியாமல் திணறுகிறார், உதடு நீலிக்கிறது என்றால் கப்பைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், காசில்லை. அது வரும்வரை நோயாளியை நிமிர்த்தி இருத்தி, டொக்டர் சொல்லியிருக்கும் மருந்தைத் தொடர்ந்து கொடுங்கள்.