முதலில் இட்லி, அப்புறம் கழிவறை

காலையில் மலம் சரியாகப் போகாதவர்கள் வரிசையை மாற்றிப் பாருங்கள். வயிறு நிறைய இட்லி, நல்லெண்ணெய் குழைத்த பொடி, ஒரு டம்ளர் வெந்நீர். பிறகு 15 முதல் 30 நிமிடத்துக்குள் கழிவறைக்குப் போய் உட்காருங்கள்.

இரைப்பை விரிந்ததும் நரம்புகள் வழியாகப் பெருங்குடலுக்குத் தகவல் போகிறது. அது உள்ளிருப்பதைத் தள்ள ஆரம்பிக்கும். கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனும், எண்ணெய்ச் சத்து சிறுகுடலுக்கு வந்ததும் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனும் சேர்ந்து உந்தும். வெறும் டீயும் பொறையும் பலருக்குப் போதாததற்கு இதுதான் காரணம். வடசென்னையில் ராயபுரம், வியாசர்பாடி லைன் வீடுகளில் பொதுக் கழிவறைக்கு வெறும் வயிற்றோடு காத்து நிற்பதைவிட, சாப்பிட்டுவிட்டு நிற்பது மேல்.

உந்துதல் வந்தபின் ரயிலுக்கு நேரமாச்சு என்று அடக்கினால் அது அடங்கியே போகும். மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சி இறுக்கிவிடும். 10 நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள், முக்காதீர்கள். மூலம்தான் மிச்சம்.

சாப்பிட்டதுமே கழிவறைக்கு ஓடுபவர்களுக்கு இது வேண்டாம். நெடுநாள் சர்க்கரை நோயில் குடல் நரம்புகள் பாதித்திருந்தால் பலன் குறைவு. மலத்தில் ரத்தமோ, காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தால் இட்லியை நம்பாமல் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள்.