கொல்லையில் ஒரு முக்காலியும் ஒரு மண் தட்டும்

பறவைப் படம் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம், முதலில் ஒரு முக்காலி வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். கேமராவை மாட்டுகிற முக்காலி இல்லை, நாம் உட்காருகிற முக்காலி. கேட்டவருக்கு முகம் சுருங்கிவிடும், அவர் லென்ஸ் பெயரை எதிர்பார்த்து வந்திருப்பார். ஆனால் மூன்று வருஷமாக ஒரே கொல்லையில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது இதுதான்: நாம் தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் அணிலும் குருவியும் நம்மைத் துவைக்கிற கல்லோடு சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அப்புறம் செல்போனிலேயே படம் வரும்.

என் கொல்லை திருச்சியை ஒட்டிய புறநகரில் இருக்கிறது. இருபதடிக்குப் பதினைந்தடி. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு வாழை, வேலியோரம் செம்பருத்தி, ஒரு துவைக்கிற கல். இவ்வளவுதான். இதில் இதுவரை 41 வகைப் பறவைகள் பார்த்திருக்கிறேன். கொல்லை இல்லாதவர்கள் மொட்டை மாடியையோ பால்கனியையோ வைத்துக்கொள்ளலாம், சொல்லப்போகிற முறை ஒன்றுதான்.

படி 1: உட்காரும் இடம்

காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை நல்ல நேரம், சாயங்காலம் நாலரைக்கு மேல் இரண்டாவது நல்ல நேரம். நடுப்பகலில் பறவைகளும் நிழல் தேடிப் போய்விடும், வெளிச்சமும் உச்சியிலிருந்து விழுந்து எல்லாவற்றின் கண்ணையும் கறுப்பாக்கிவிடும்.

காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி இடம் பாருங்கள். கொல்லை மேற்குப் பார்த்தது என்றால் கொல்லைக் கதவை ஒட்டி உட்கார்ந்தாலே போதும், ஆனால் வீட்டு நிழல் எதுவரை விழுகிறது என்று ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை தாழ உட்காருங்கள். நின்றுகொண்டு தரையில் இருக்கிற மைனாவை எடுத்தால் அதன் முதுகுதான் படத்தில் வரும், அதன் கண் மட்டத்துக்கு நாம் இறங்கினால்தான் அது ஒரு ஆளாகத் தெரியும். மழைக்காலத்தில் நான் ஜன்னலுக்குள்ளிருந்து எடுக்கிறேன். கொசுவலை அடித்த ஜன்னல்தான். லென்ஸை வலையோடு ஒட்டி வைத்து, வலைக்கு வெகு தூரத்தில் இருக்கிறதைக் குறி (ஃபோகஸ்) வைத்தால் வலை படத்தில் காணாமல் போய்விடும். அறை விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள்.

படி 2: பத்து நாள் கேமராவைத் தொடாதீர்கள்

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. பத்து நாள், தினம் அரை மணி நேரம், ஒரு நோட்டும் பேனாவும். எது வருகிறது, எத்தனை மணிக்கு, எந்தக் கிளையில் முதலில் உட்காருகிறது, எந்தப் பக்கம் பறந்து போகிறது, இவ்வளவு எழுதினால் போதும். பெயர் தெரியாவிட்டால் "பழுப்பு, வால் தூக்கி" என்று எழுதுங்கள்.

நாலாவது நாளிலேயே ஒரு கால அட்டவணை தெரிய ஆரம்பிக்கும். எங்கள் கொல்லைக்குத் தேன்சிட்டு ஏழு மணி வாக்கில் வாழைப்பூவுக்கு வரும். ஏழே காலுக்குத் தவிட்டுக்குருவிக் கூட்டம், எட்டு ஒன்பது உருப்படி, தரையில் சருகைப் புரட்டிக்கொண்டே வேலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும். அம்மா காக்கைக்குச் சோறு வைக்கிற நேரத்தைக் காக்கைகள் அம்மாவைவிடச் சரியாக வைத்திருக்கின்றன.

தவிட்டுக்குருவியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இல்லாத பறவை இது, நாமோ தினமும் பார்ப்பதாலேயே திரும்பிப் பார்ப்பதில்லை. கொல்லையில் இதைவிட நல்ல காவல்காரன் கிடையாது. பூனை, பாம்பு, கீரி, வைரி, எது வந்தாலும் கூட்டமாகக் கிளையேறிக் கத்தித் தீர்த்துவிடும். அந்தச் சமயத்தில் குருவியைப் பார்க்காதீர்கள், அவை எந்தப் பக்கம் பார்த்துக் கத்துகின்றன என்று பாருங்கள். எங்கள் கொல்லைக்குக் கீரி வருகிறது என்பதே எனக்கு அப்படித்தான் தெரிந்தது. பாம்பாக இருந்தால் சாரையா நல்ல பாம்பா என்று ஆராய்ச்சி செய்யக் கிட்டே போக வேண்டாம். இருந்த இடத்திலிருந்தே எடுங்கள், படம் சின்னதாக வந்தால் வரட்டும்.

படி 3: தண்ணீர் வையுங்கள்

தானியத்தைவிடத் தண்ணீருக்குத்தான் அதிகம் பேர் வருவார்கள், முக்கியமாகப் பங்குனி சித்திரையில். தானியம் தின்னாத தேன்சிட்டும் குண்டுக்கரிச்சானும் தையல்சிட்டும்கூடக் குளிக்க வரும்.

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற அகலமான மண் தட்டு நன்றாக உதவும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல்லைப் போடுங்கள், தேனீக்கும் சின்னக் குருவிக்கும் கால் வைக்க இடம் வேண்டும். எவர்சில்வர் தட்டு வழுக்கும், வெயிலில் சுடும், படத்திலும் பளபளவென்று கண்ணைக் குத்தும். பூனை பதுங்குகிற புதரை ஒட்டி வைக்காதீர்கள், ஏழெட்டு அடி தள்ளி வையுங்கள். ஆனால் பறவை பறந்து ஏறிக்கொள்ள ஒரு கிளை மேலே இருக்க வேண்டும். தண்ணீரைத் தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். இல்லையென்றால் நீங்கள் வளர்ப்பது கொசு.

சாப்பாடு வைத்தே தீருவேன் என்கிறவர்கள் கம்பு, தினை, பழுத்த பப்பாளி, வாழைப்பழம் வைக்கலாம். கொண்டைக்குருவிக்குப் பப்பாளி என்றால் உயிர். மிக்சர், சிப்ஸ், உப்புப் போட்ட எதுவும் வேண்டாம். அள்ளி அள்ளிக் கொட்டவும் வேண்டாம், கொல்லை முழுக்கப் புறா வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் ஒரு சிட்டுக்கும் இடம் இருக்காது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

படி 4: ஒரு குச்சி நடுங்கள்

பறவை நேராகத் தண்ணீரில் இறங்காது. முதலில் பக்கத்தில் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்து இடம் வலம் பார்க்கும். அந்த ஏதாவது ஒன்றை நீங்களே வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு பழைய பக்கெட்டில் மணலை நிரப்பி, காய்ந்த கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ நட்டு, தட்டிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். கட்டைவிரல் தடிமன் போதும்.

பின்னணியைப் பார்த்து வையுங்கள். கிளைக்கு அரையடி பின்னால் காம்பவுண்டுச் சுவர் இருந்தால் சுவரின் ஒவ்வொரு விரிசலும் படத்தில் வரும். பத்துப் பன்னிரண்டு அடி பின்னால் வாழையிலை இருந்தால் அது பச்சைத் துணி விரித்த மாதிரி மங்கிவிடும். என் கொல்லையில் அதற்கு இடமே இல்லை, அதனால் குச்சியைக் குறுக்காக மூலையில் வைத்து, எதிர் மூலையிலிருந்து எடுக்கிறேன். துணிக்கொடியை மறக்காதீர்கள். அருமையாக வந்த ஒரு செம்போத்துப் படத்தில் பின்னால் எங்கள் வீட்டுப் பனியன் தொங்குகிறது.

அடுத்தது, நாம் ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பு. இரண்டு கம்பு நட்டு ஒரு பழைய சேலையைக் கட்டுங்கள், பளிச்சென்ற நிறம் வேண்டாம். லென்ஸ் நுழைய ஒரு ஓட்டை. பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, காக்காயைப் பார்க்கவா இத்தனை வேஷம்?" என்று கேட்டார். இரண்டு வாரம் கழித்து அவரே வந்து சேலைக்குப் பின்னால் உட்கார்ந்து வால்காக்கை பார்த்துவிட்டுப் போனார்.

படி 5: இப்போது படம்

செல்போன்காரர்களுக்கு முதலில். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள், குறிப்பிட்ட எல்லைக்கு மேல் போன் வெறுமனே படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அதை வீட்டுக்கு வந்து நீங்களே செய்துகொள்ளலாம். குச்சியைத் திரையில் தொட்டு அப்படியே அழுத்திப் பிடித்தால் குறி அங்கேயே பூட்டிக்கொள்ளும். அப்புறம் பறவை வந்து உட்காரும்போது போன் குழம்பாது. போனைக் குச்சிக்கு மூன்றடியில் ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, ப்ளூடூத் ஹெட்செட்டின் ஒலி பட்டனாலோ ரிமோட்டாலோ தள்ளியிருந்து அமுக்கலாம். ஒன்றும் இல்லையா, வீடியோவை ஓடவிட்டு உள்ளே போய்க் காபி குடியுங்கள். எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான அணில் படமே அப்படி ஒரு வீடியோவிலிருந்து எடுத்ததுதான்.

கேமரா இருப்பவர்கள் 300 மில்லிமீட்டராவது எட்டுகிற லென்ஸ் வைத்துக்கொண்டால் கொல்லைக்குப் போதும். லென்ஸ் கழற்ற முடியாத நீள ஜூம் கேமரா பழசாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஷட்டர் வேகத்தை நீங்கள் முடிவு செய்கிற முறையில் வையுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற மடையானுக்கு 1/250 நொடி போதும், ஓயாமல் தலையைத் திருப்புகிற சிட்டுகளுக்கு 1/1000, பூவின் முன் சிறகடித்து நிற்கும் தேன்சிட்டுக்கு 1/2000. வெளிச்சத்துக்குக் கேமரா எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்கிற ஐஎஸ்ஓ எண்ணைக் கேமராவிடமே விட்டு 3200க்கு மேல் போகாதே என்று எல்லை போட்டுவிடுங்கள். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை, ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. குறி எப்போதும் கண்ணில். வால் மங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள், கண் மங்கினால் படம் போச்சு.

வெளிச்சமான வானத்துக்கு எதிரே மின்கம்பியில் உட்கார்ந்த கரிச்சான் வெறும் கறுப்பு நிழலாகத்தான் வரும், வெளிச்ச ஈட்டை (கேமராவில் +/- என்று போட்டிருக்கும்) ஒரு படி கூட்டுங்கள். பச்சைக்கு நடுவே வெள்ளைக் கொக்கு வந்தால் குறையுங்கள், இல்லையென்றால் இறகு எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும்.

படி 6: கூட்டை விட்டுவிடுங்கள்

இதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. முதல் வருஷம் செம்பருத்தியில் தையல்சிட்டு கூடு வைத்தது. இலைகளின் ஓரத்தில் அலகால் துளையிட்டு நாராலும் சிலந்தி நூலாலும் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, இரண்டு அங்குலத்தில் ஒரு தொட்டில். படத்தில் இலை மறைக்கிறதே என்று முன்னால் இருந்த ஒரு கொப்பை வளைத்து நூலால் கட்டினேன். அரை மணி நேரம் எடுத்தேன், நல்ல படங்கள். கொப்பை அவிழ்த்துவிட மறந்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் கூடு கிழிந்து தொங்கியது, குஞ்சு இல்லை. காக்கையா வால்காக்கையா என்று பார்க்கவில்லை. கதவைத் திறந்து வைத்தது நான்தான். அந்தப் படங்களை யாருக்கும் காட்டியதில்லை.

அதனால் கூடு தெரிந்தால் முக்காலியைத் தள்ளிப் போடுங்கள், சில வாரத்துக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள். பறவையை வரவழைக்கப் போனில் அதன் குரலைப் போடுவதும் வேண்டாம், எல்லைக்குள் வேறொருவன் வந்துவிட்டான் என்று அது சாப்பாட்டை விட்டுவிட்டுச் சண்டைக்குத் தேடி அலையும். ராத்திரி புள்ளி ஆந்தையின் முகத்தில் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள்.

படி 7: கறிவேப்பிலையில் பாருங்கள்

பறவை சிக்கவில்லை என்று சலிப்பு வந்தால் இங்கே வாருங்கள். கறிவேப்பிலைக் கொழுந்தில் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் உற்றுப் பாருங்கள், அது புழுவாக இருக்கலாம். சில நாளில் பச்சையாக மாறும், சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டி நாற்றம் விடும். எலுமிச்சையிலும் இதே சங்கதிதான். மருந்து அடிக்காமல் விட்டுவைத்தால் கூட்டுப்புழுவாகிக் குச்சியோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு வாரம் கழித்து அது கருத்து, உள்ளே சிறகின் நிறம் தெரிகிற அன்று சாயங்காலமே போனை எடுத்து வைத்துவிடுங்கள், பெரும்பாலும் மறுநாள் காலையில் வண்ணத்துப்பூச்சி வெளியே வரும். சிறகு காய்கிற வரை அது எங்கும் பறக்காது, ஒரு அடியில் போய் நிதானமாக எடுக்கலாம். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலியோரம் எருக்கு இருந்தால் வெட்டாதீர்கள், வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது அதில்தான்.

படி 8: பெயரும் தேதியும்

மெர்லின் என்ற செயலி இலவசம், குரலைக் கேட்டே பல பறவைகளைச் சொல்லிவிடும். சொல்வதை அப்படியே நம்பாமல் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பார்த்ததை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிவிடலாம், பூச்சிகளுக்கு ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளம். சில பறவைகளில் ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கறுப்புக் குயிலும் வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்புக் குயிலும் ஒரே ஜோடி, நான் ஆறு மாதம் இரண்டு இனமாக எழுதிவைத்திருந்தேன்.

புரட்டாசிக்கு மேல் வேலிக்குள்ளிருந்து "டக், டக்" என்று யாரோ நாக்கால் தட்டுகிற மாதிரிக் கேட்டால் அது வலசை வந்த பிளித் நாணல் கதிர்க்குருவி. ஐப்பசி வாக்கில் களைத்துப்போன ஆறுமணிக்குருவி சில வீடுகளில் குளியலறைக்குள்ளேயே வந்து விழும். படம் எடுக்கக் கூட்டம் கூட்டாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் வைத்திருந்து, தெளிந்ததும் மரத்தடியில் விட்டுவிடுங்கள்.

2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இருந்த இடத்தில் பதினைந்து நிமிஷம் பார்த்து, வந்ததை எல்லாம் எண்ணி ஈபேர்டில் ஏற்றினால் நீங்களும் கலந்துகொண்ட மாதிரி. காக்கை ஆறு, மைனா நாலு என்று எழுதக் கூச்சப்படாதீர்கள், அந்தக் காக்கையையும் எண்ண ஆள் வேண்டும்.

படங்களைத் தேதி போட்ட கோப்புறையில் வையுங்கள், உயிரினத்துக்கு ஒரு கோப்புறை போட்டாலும் சரி. என்னிடம் அணிலுக்கு மட்டும் 900 படங்களுக்கு மேல் இருக்கிறது. கீரி கோப்புறையில் மூன்று வருஷத்துக்கு ஒரே படம்: இடப்பக்கம் வாழைமரம், அதற்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும் ஒரு வால்.