சென்னையில் தகர ஷெட் பட்டறை: ஓதமும் வெக்கையும் ஏறாமல் கட்டுவது

குளிர் நாட்டு வீடியோவைப் பார்த்து ஷெட்டை இண்டு இடுக்கில்லாமல் அடைத்துவிடாதீர்கள். இங்கே தொல்லை குளிரில்லை. சித்திரை வெயில், ஐப்பசி மழை, உப்புக் காற்று. அதனால் முதலில் தரை, அப்புறம் கூரை, கடைசியில் காற்று.

சாலையை மேல்மேலே போட்டு உயர்த்தியதில் பல பழைய வீடுகளின் தரை தெருவைவிடத் தாழ்ந்துபோயிருக்கிறது. உங்கள் ஷெட்டும் அப்படியென்றால் ஷட்டருக்கு அடியில் 6 அங்குலத் தடுப்பு கட்டாமல் வேறெதற்கும் காசு செலவழிக்க வேண்டாம். சுவிட்ச் போர்டு 4 அடி உயரத்தில் இருக்கட்டும்.

அடுத்து தரையைச் சோதியுங்கள். 2 அடிக்கு 2 அடி பாலிதீன் ஷீட்டை விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்தால் ஓதம் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேல்பக்கம் வியர்த்தால் காற்றில் உள்ள ஈரம். மண் ஓதத்துக்கு எபாக்சி (தரையில் பூசும் கெட்டிப் பிசின் பூச்சு) பூசினால் சில மாதத்தில் கொப்புளம் கட்டி உரியும், ஏனெனில் ஈரம் அடியிலிருந்து தள்ளுகிறது. 250 மைக்ரான் பாலிதீனை 6 அங்குலம் மேல்மடிப்பு வைத்து விரித்து, சுவரில் 4 அங்குலம் ஏற்றி, அதன்மேல் 3 அங்குலம் கான்கிரீட் போடுங்கள். 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும்.

சுவர்ப் பூச்சு பொரிந்து உப்பு பூத்திருந்தால் பெயின்ட் அடிப்பது வீண். கறைக்கு மேல் ஒரு அடிவரை கொத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, மூட்டை சிமென்டுக்கு 200 மில்லி வாட்டர்புரூஃபிங் திரவம் கலந்து பூசுங்கள். வெளியே மண் சுவரை அணைத்துக் குவிந்திருந்தால் அதையும் வெட்டி இறக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஓதம் திரும்ப வரும்.

கூரை ஒழுகுவது பெரும்பாலும் ஸ்க்ரூ ஓட்டையில்தான். வெயிலில் ரப்பர் வாஷர் வெடித்துவிடும், மழைக்கு முன் மாற்றுங்கள். ஸ்க்ரூ ஷீட்டின் மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டாக இருந்தால் கிரைண்டரால் அறுக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

வெக்கைக்கு மலிவான மருந்து, மேலே வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட். உள்ளே, அலுமினியத் தாள் ஒட்டிய 10 மி.மீ. ஃபோம். பளபளப்பான பக்கம் கீழே, காற்றைப் பார்த்து இருக்க வேண்டும். தகரத்தோடு ஒட்டிக்கிடக்கும் தாள் வெப்பத்தைத் தடுக்காது. 10க்கு 16 அடி ஷெட்டுக்கு, சரிவும் மேல்மடிப்பும் சேர்த்து 180 சதுர அடி வாங்குங்கள். பசை மட்டும் போதாது. மே மாத வெக்கையில் விட்டுவிடும். 2 அடிக்கு ஒரு கம்பி இழுத்துத் தாங்குங்கள். மூட்டுகளில் அலுமினிய டேப் ஒட்டாவிட்டால் ஈரக்காற்று பின்னால் புகுந்து தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும்: 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால், தகரம் 26 டிகிரிக்கு இறங்கினாலே வியர்க்கும். வெல்டிங் மேசைக்கு மேல் ஃபோமும் தெர்மாகோலும் கூடவே கூடாது, ஒரு பொறி போதும். அங்கே ராக்வூல் (தீப்பிடிக்காத கல் இழைப் பஞ்சு) வைத்து சிமென்ட் போர்டால் மூடுங்கள்.

கீழே கிழக்கில் ஒரு ஜன்னல், மேலே மேற்கில் எக்ஸாஸ்ட் ஃபேன். பகலில் ஓடட்டும், மழை நாளிலும் இரவிலும் மூடிவிடுங்கள்.

கருவிகள் துருப்பிடிக்காமல் இருக்க, முழு அறையையும் உலர்த்த முயல்வதைவிட அவற்றை வைக்கும் ஒரு பீரோவை உலர்த்துவது சுலபம். அடித்தட்டில் 15 வாட் குண்டு பல்பு, அதைச் சுற்றிக் கம்பிக்கூடு. உள்ளே 4 டிகிரி ஏறினாலே 80 சதவீத ஈரப்பதம் சுமார் 64 ஆகிவிடும். எல்இடி உதவாது, சூடு போதாது. ப்ளைவுட்டைத் தரையிலிருந்து 4 அங்குலம், சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி அடுக்குங்கள்.