நடிகைகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் நாலு தமிழ்ப் பெண்கள் சேர்ந்தால், மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலையில் தொடங்கும் பேச்சு எப்படியோ ஒரு நடிகையிடம் போய் நிற்கும். நிற்கட்டும். கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டர் வாசலில் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றிய ஆண்களை ரசிகர்கள் என்று சொன்ன ஊர், நாம் பேசினால் மட்டும் வம்பு என்கிறது. அந்தக் கணக்கை அப்புறம் தீர்த்துக்கொள்ளலாம். நம் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் சில தவறுகளைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும். நாம் சொல்வது அந்த நடிகையின் காதில் விழப்போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதும் பெண்ணின் காதில் விழும்.

முதலில் புகைப்படங்கள். நடிகை ஜிம்முக்குப் போகும்போது, ஏர்போர்ட்டில் இறங்கும்போது “தற்செயலாக” எடுத்த படம் என்று நம்பிவிடுகிறோம். பாந்த்ரா பக்கம் ஏதாவது ஒரு பெரிய ஜிம் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் விஷயம் புரிந்துவிடும். பைக்குகளில் சாய்ந்தபடி போட்டோகிராபர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு அழைப்பு வரும், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுவார்கள். கார் வந்து நிற்கும். தண்ணீர் பாட்டிலும் பையும் தூக்கி வந்த உதவியாளர் சட்டென்று ஓரமாக ஒதுங்குவார். “மேடம், இதர், இதர்!” (இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!) அரை நிமிஷ நடை, அவ்வளவுதான். இப்படி எத்தனையோ தடவை நடிகையின் பிஆர் (மக்கள் தொடர்பு) ஆட்களே முன்கூட்டித் தகவல் கொடுத்துவிடுவார்கள். உடை தேர்ந்தெடுக்க ஒருவர், முடிக்கு ஒருவர், முகத்துக்கு ஒருவர் என்று சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். இது ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை, இது ஒரு தொழில். ஆனால், “காலையில் எழுந்து அப்படியே வந்திருக்கா, எவ்வளவு பளபளன்னு இருக்கா பாரு” என்று வீட்டுப் பெண்ணிடம் சொன்னால் அது பொய்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு. “அவங்களேதான் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொல்றாங்க, அப்புறம் என்ன அந்தரங்கம்?” என்று கேட்பது. 2023 பிப்ரவரியில் ஆலியா பட் தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துக் கட்டடத்தின் மாடியிலிருந்து ஜூம் வைத்துப் படம் எடுத்தார்கள். அவர் அதை இன்ஸ்டாகிராமில் போட்டு மும்பை போலீஸைக் குறிப்பிட்டுக் கேட்டார். கேமரா முன் வந்து நிற்பது வேறு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது வேறு. எதிர் ஃபிளாட்காரர் நம் சமையலறையைப் பார்த்தால் நாம் உடனே திரை போடுவோமா இல்லையா?

அடுத்தது உடம்பு. இதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. ஐஸ்வர்யா ராய்க்கு 2011 நவம்பரில் குழந்தை பிறந்தது. அடுத்த சில மாதங்களில் எடை குறையவில்லை என்று நாடே அவரைத் திட்டியது. சீக்கிரம் இளைத்த நடிகைகளுக்கோ, “இவளெல்லாம் குழந்தைக்குப் பால் கொடுத்திருப்பாளா?” என்ற கேள்வி. பிள்ளை பெற்று மூன்று மாதத்தில் லோக்கல் டிரெயினில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவளும் இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறாள். அவளுக்கு டயட்டீஷியனும் கிடையாது, டிரெய்னரும் கிடையாது.

அந்த முகங்களைத் தயார் செய்கிறவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. மும்பை சினிமாவில் பல பத்தாண்டுகளாகப் பெண்களுக்கு மேக்கப் கலைஞராக வேலை செய்யச் சங்கம் கொடுக்கும் கார்டு கிடைக்கவில்லை. சங்கத்தின் விதிப்படி பெண் தலைமுடி அலங்காரம் செய்யலாம், முகத்துக்கு மேக்கப் போடக் கூடாது என்று இருந்தது. சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் வழக்குப் போட்டு, 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அந்தத் தடை உடைந்தது. எந்த நடிகை எந்தக் கலர் லிப்ஸ்டிக் போட்டாள் என்று பேசிய நேரத்தில் கால் பங்காவது இதற்குக் கொடுத்திருக்கலாம்.

ஆணுக்கு ஏதாவது நேர்ந்தால் பெண்ணைக் காரணமாக்குவதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் மோசமானது. நம் சென்னையில் பிறந்த ரேகாவின் கணவர் 1990இல் தற்கொலை செய்துகொண்டபோது பத்திரிகைகள் அவரைச் சூனியக்காரி ரேஞ்சுக்கு எழுதின. முப்பது வருஷம் கழித்து, 2020இல், நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்த பிறகு அவருடைய காதலியான நடிகை ரியா சக்ரவர்த்திக்கும் அதேதான் நடந்தது. டிவி ஸ்டுடியோவில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். போதைப்பொருள் வழக்கில் கைதாகி ஏறக்குறைய ஒரு மாதம் பைகுல்லா சிறையில் இருந்தார், பிறகு பம்பாய் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 2021 ஜனவரியில் அதே நீதிமன்றம் ஊடக விசாரணையைக் கண்டித்தது. 2025 மார்ச்சில் சிபிஐ மரண வழக்கை முடித்து அறிக்கை கொடுத்தது. “அவ மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது” என்று சொன்னவர்களில் யாராவது பேச்சைத் திரும்ப வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை. கிரிக்கெட் வீரர் கோலி ரன் எடுக்காத நாளில் அவருடைய துணையான நடிகை அனுஷ்கா சர்மாவைத் திட்டிய கதையும் இதே ரகம்தான். 2016இல் கோலியே வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டியிருந்தது. தாராவியோ செம்பூரோ, “அவ வந்த நேரம்” என்று மருமகளைச் சொல்லாத தெரு உண்டா? நடிகையைப் பற்றி நாம் அதைச் சொல்லும்போது மருமகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

“நம்ம ஊர்ப் பொண்ணு” என்று சொந்தம் கொண்டாடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிவகாசிப் பக்கத்து மீனம்பட்டியில் பிறந்த ஸ்ரீதேவி 2018 பிப்ரவரியில் துபாயில் இறந்தார். மும்பைத் தமிழர்கள் சொந்த வீட்டுச் சாவு போல அழுதோம். ஆனால் குளியல் தொட்டியில் தவறுதலாக மூழ்கி இறந்தார் என்ற அறிக்கை வந்ததும், டிவிக்காரர்கள் திரையில் தொட்டி படம் போட்டு ஆராய்ச்சி செய்தார்கள். நாமும் சேனல் மாற்றாமல் பார்த்தோம். குஷ்புவுக்கு நடந்தது அதன் மறுபக்கம். மும்பையில் பிறந்தவர், தமிழ்நாட்டுக்குப் போனார், ரசிகர்கள் கோயில் கட்டினார்கள். 2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு கருத்துச் சொன்னதும் அவர்மேல் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். 2010இல்தான் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. கும்பிடும்போது நம்மவள், வாய் திறந்தால் மட்டும் வெளியூர்க்காரி.

குழந்தைகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மகளைப் படம் எடுக்க வேண்டாம் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டால், ஃபார்வர்டில் வந்த படத்தை நாமும் அனுப்பாமல் இருந்தால் போதும்.

கடைசியாகக் காசு விஷயம். நடிகை சிரித்துக்கொண்டே ஒரு கிரீமைக் காட்டினால் அவர் அதைப் பயன்படுத்துகிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். காசு வாங்கிக்கொண்டு போடும் பதிவில் அது விளம்பரம் என்று தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது இப்போது விதி. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் நடிப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. கிரீம் போட்டு முகம் எரிந்தால் நடிகையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போய்த் திட்டிவிட்டு வருவதால் ஒன்றும் ஆகாது. பில்லையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள்.