சாவித்துளை வினாக்களுக்கு விடை காணும் முறை

அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் சேர விரும்புவோர் எழுதும் டி.ஏ.டி. நுழைவுத் தேர்வில், உருவங்களை மனக்கண்ணால் கையாளும் திறனைச் சோதிக்கும் பகுதிக்கு 60 நிமிடங்களும் 90 வினாக்களும் உண்டு. அவற்றுள் 15 சாவித்துளை வினாக்கள். இடப்பக்கத்தில் ஒரு திண்மப் பொருளின் படமும் அதையடுத்து ஐந்து துளைகளும் தரப்பட்டிருக்கும். அப்பொருள் எந்தத் துளையில் நுழைந்து முழுமையாக வெளியேறும் என்பதே கேள்வி.

முதலில் விதிகளைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். நுழைப்பதற்கு முன் பொருளை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம்; நுழையத் தொடங்கிய பின் திருப்பக் கூடாது. பொருளும் துளையும் ஒரே அளவீட்டில் வரையப்படுவதால், வடிவம் சரியாக இருந்தும் அளவு மாறிய துளை தவறான விடையாகும். மறைந்திருக்கும் பின்புறத்தில் எதிர்பாராத மேடுபள்ளம் ஏதும் இருக்காது.

அடுத்து, துளைகளைப் பார்ப்பதற்கு முன்பே, பொருளின் முன், மேல், பக்கத் தோற்றங்கள் மூன்றையும் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். உள்ளே ஓடும் கோடுகள் தேவையில்லை. நேராக அடிக்கும் வெயிலில் சுவரில் விழும் நிழலைப் போல, வெளிவிளிம்பு மட்டும் போதும்.

4 அலகு நீளமும் 2 அலகு அகலமும் 3 அலகு உயரமும் உள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் வலது மேல் மூலையில், 2 அலகு நீளமும் 1 அலகு உயரமும் உள்ள துண்டு, முன்புறம் முதல் பின்புறம் வரை வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. வெட்டுக்குக் கீழே எஞ்சிய வலப்பக்க முகத்தின் நடுவிலிருந்து, 1 அலகு விட்டமும் 1 அலகு நீளமும் உள்ள உருளை ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. முன்னிருந்து பார்த்தால் படி போன்ற வடிவமும் அதன் வலப்புறம் ஒட்டிய சிறு சதுரமும் தெரியும். மேலிருந்து பார்த்தால் வெட்டு மறைந்து, 4-க்கு 2 என்ற செவ்வகமும் அதே சதுரமும் எஞ்சும். பக்கத்திலிருந்து பார்க்கும்போதோ வெட்டும் உருளையும் சேர்ந்தே மறைந்து, 2-க்கு 3 என்ற வெறும் செவ்வகம் மட்டுமே நிற்கும். புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். படத்தில் உருளை இருப்பதால் விடையிலும் வட்டத்தைத் தேடுகிறார்கள். மூன்று தோற்றங்களில் ஒன்றிலும் வளைந்த விளிம்பே இல்லை என்பதால், வளைவுள்ள துளைகளை உடனே நீக்கிவிடலாம்.

இனி எஞ்சிய துளைகளை ஒப்பிடுங்கள். முன் தோற்றம் முழுவதுமாக இடவலம் மாறி வரையப்பட்டிருந்தால் அதை நீக்கக் கூடாது. பொருளைப் பின்புறமாகத் திருப்பினால் அதுவும் பொருந்தும். ஆனால் வெட்டு ஒரு பக்கமும் சதுரம் எதிர்ப்பக்கமும் இருந்தால் அது தவறு. சதுரம் அடிவிளிம்போடு ஒட்டியிருந்தாலும் தவறு. உருளை முகத்தின் நடுவில் இருப்பதால் கீழே அரை அலகு இடைவெளி இருந்தாக வேண்டும்.

ஒரு வினாவுக்குச் சராசரியாக 40 நொடிகளே கிடைப்பதால், இரண்டு துளைகளுக்கிடையே ஐயம் எழுந்தால் உருவம் முழுவதையும் மீண்டும் ஆராயாமல், அவ்விரண்டும் வேறுபடும் ஒரே விளிம்பை மட்டும் பொருளோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.