கணினியில் ஒரு பிளாங்க்டன் கடல்: உடல் அளவை வைத்து மாடல் கட்டுவது எப்படி?

உவரியில் என் மாமா வலைக்கண்ணைத் தொட்டுப் பார்த்தே என்ன மீன் விழும் என்று சொல்லிவிடுவார். கடல்நீரில் மிதந்து திரியும் சிறு உயிர்கள்தான் பிளாங்க்டன்; அவற்றுக்குக் கணினியில் கட்டும் மாடலும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். இனத்தின் பெயர் வேண்டாம். உடம்பு எவ்வளவு பெரிது என்று தெரிந்தால் எவ்வளவு வேகமாக வளரும், எதைத் தின்னும், யார் வாயில் மாட்டும் என்று பாதி ஊகித்துவிடலாம்.

பைத்தான் நிறுவ எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். எக்செல்லில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், பாதியில் கைவிடுவீர்கள்.

முதலில் 0.6 மைக்ரான் (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவான புரோகுளோரோகாக்கஸ் அவ்வளவுதான் இருக்கும்) தொடங்கி 60 மைக்ரான் டயாட்டம் (ஒருசெல் பாசி) வரை பத்து அளவுகள் எடுங்கள். இடைவெளி லாக் கணக்கில் சமமாக இருக்கட்டும், அதாவது ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரே மடங்கு பெரிதாக.

அடுத்தது இவை வளரத் தேவையான சத்து, நைட்ரேட். ஒரு செல் தன் உச்ச வேகத்தில் பாதிக்கு வளர எவ்வளவு நைட்ரேட் வேண்டுமோ, அது கனஅளவோடு சேர்ந்து ஏறும். நான் வைத்த அடுக்கு 0.27. இங்கேதான் இரண்டு நாள் போயிற்று. கனஅளவுக்குப் பதில் விட்டத்தைப் போட்டிருந்தேன். விட்டம் 100 மடங்கு என்றால் கனஅளவு 10 லட்சம் மடங்கு, அதற்கு 0.27 அடுக்கு போட்டால் சுமார் 42 வரும். விட்டத்துக்குப் போட்டால் வெறும் 3.5. பிழைச் செய்தி எதுவும் வராது, வரைபடமும் அழகாகவே வரும்! விட்டத்தின் மும்மடியை 0.52 ஆல் பெருக்கிய பிறகு, கடைசி அளவின் நைட்ரேட் தேவையை முதல் அளவின் தேவையால் வகுத்து ஒருமுறை பாருங்கள், 42 வரவேண்டும்.

சரி, மாடலை ஓட்டினால் மிகச் சின்னது மட்டும்தான் மிஞ்சும். மற்றவை வாழ முடியாத அளவுக்கு அது நைட்ரேட்டைக் குறைத்துவிடுகிறது. ஒவ்வொரு அளவுக்கும் அதைப்போல் பத்து மடங்கு நீளமுள்ள ஒரு தின்னியைச் சேருங்கள். சின்னது அடங்கும், மிஞ்சிய நைட்ரேட் அடுத்த அளவுக்குப் போகும். மொத்த நைட்ரேட்டை அதிகமாக்கிப் பாருங்கள்: சின்னது அவ்வளவாக ஏறாது, பெரியவை புதிதாகத் தலைகாட்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் குமரிக்கு மேற்கே சத்துள்ள அடிநீர் மேலே வரும்போது டயாட்டம் பெருகுவதும் இப்படித்தான்.

பின்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த இருவருக்கு எண்ணிக்கை மைனஸில் போனதாம். ஒரு நாள் ஒரு படி என்று சொந்தமாக லூப் எழுதியிருக்கிறார்கள். தின்னிகள் இருப்பதைவிட அதிகமாகத் தின்றுவிடுகின்றன. பைத்தானின் கணக்குத் தொகுப்பான சைபையில் (SciPy) எல்சோடா (LSODA) என்று ஒரு முறை இருக்கிறது, படியின் நீளத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்; அதனிடம் விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் எதற்கும் சுழியம் கொடுக்காதீர்கள், அது சுழியமாகவே கிடக்கும். நான் 0.0001 கொடுக்கிறேன்.