பிள்ளை கண்ணுல வெள்ளையா மின்னுதா? எங்க ஓடணும்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

மக்களே, பிளாஷ் போட்டோல ஒரு கண்ணு சிவப்பாவும் இன்னொண்ணு பூனைக்கண்ணு மாதிரி வெள்ளையாவும் தெரிஞ்சா சும்மா இருக்காதீங்க, புதுசா மாறுகண்ணு வந்தாலும் அப்படித்தான், பெரும்பாலும் அஞ்சு வயசுக்குள்ள வர்ற ரெட்டினோபிளாஸ்டோமாங்கிற கண்ணு கேன்சரா இருக்கலாம். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் உள்ளவங்களுக்கு திருவனந்தபுரம் ஆர்சிசி (கேன்சர் ஆஸ்பத்திரி) பக்கம், கண்ணுக்குன்னா திருநெல்வேலி, மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. போறதுக்கு முன்னாடி போன்ல கேளுங்க: மயக்கம் கொடுத்து ரெண்டு கண்ணையும் பார்ப்பாங்களா, லேசர், கீமோ எல்லாம் ஒரே இடத்துலயா, குழந்தை கேன்சர் டாக்டர் உண்டா. கண்ணு டாக்டர் மட்டும் இருந்தா போதாது. கண்ணுல ஊசி குத்தி பயாப்ஸி (டெஸ்ட்டுக்கு கட்டியில கொஞ்சம் சதை) எடுக்கலாம்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க, கட்டி கண்ணுக்கு வெளிய பரவிரலாம். காப்பீடு கார்டு பார்டர் தாண்டி கேரளாவுலயும் செல்லுமான்னும் கேட்டுருங்க. தம்பி தங்கச்சி கண்ணையும் காட்டுங்க, சிலருக்கு இது பரம்பரையா வரும்.